மழையில் நிற்காத சாறு

கூடலூரிலிருந்து பாட்டவயல் வழியாக வயநாட்டுக்குள் நுழையும் சாலை நெடுகத் தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் மிளகுக்கொடி. மழைக்காலம் ஓயும் தறுவாயில் இந்த வழியே போகிறவர் மரங்களின் உச்சியைப் பார்க்க வேண்டியதில்லை, அடியைப் பார்த்தால் போதும். ஒரு மரத்தில் கொடி தரையிலிருந்தே கரும்பச்சையாகச் சுற்றி ஏறியிருக்கும். அடுத்த மரத்தில் இலையெல்லாம் கொட்டி, கணுக்கணுவாகக் கழன்ற தண்டு மட்டும் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே வரிசை, ஒரே மண். பாட்டவயலில் தமிழ்நாடு முடிகிறது, இந்தக் காட்சி முடிவதில்லை. சுல்தான் பத்தேரியைத் தாண்டிப் புல்பள்ளிக்குப் போகப் போக வெற்று மரங்கள் கூடுகின்றன. மிளகுப் பணத்தால் எழுந்த ஊர் புல்பள்ளி. அந்த மிளகின் பெரும்பகுதியை வாடல் கொண்டுபோன பிறகு, எஞ்சிய கொடிகளைக் காப்பது எப்படி என்பதுதான் அங்கே ஒவ்வொரு தோட்டத்திலும் கேள்வி. அதற்கு இன்று அதிகம் சொல்லப்படும் விடை தாவரச்சாறு. இஞ்சி–பூண்டு–பச்சைமிளகாய்க் கரைசல், ஐந்திலைக் கரைசல், வேப்பெண்ணெய்க் கரைசல் எனப் பெயர்கள் பல, நம்பிக்கை ஒன்றுதான். செடியின் நோயைச் செடியே தீர்க்கும் என்பது அந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்தறியாததால்தான் உழைப்பும் கொடியும் சேர்ந்தே வீணாகின்றன. மிளகுத் தோட்டத்தில் தாவரத்தின் இடம் இலைமேல் தெளிக்கும் சாறாக இல்லை. வேரடி மண்ணிலும், மழை படாத நாற்றங்காலிலும்தான் இருக்கிறது. இந்த முடிவுக்கு வருவதற்கு நோயை முதலில் அருகில் நின்று பார்க்க வேண்டும். ஜூன் மாத மழை தொடங்கிச் சில வாரங்களில், தரையை ஒட்டிய இலைகளில் கறுப்புப் புள்ளி விழுகிறது. புள்ளியின் ஓரம் நேர்கோடாக இருக்காது. இறகின் நுனிபோல இழையிழையாகப் பிரிந்து பரவும். மண்ணில் படர்ந்து கிடக்கும் ஓடுகொடிகளின் நுனி கருகும். அதற்குள் மண்மட்டத்தில் தண்டின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைக்குப் பதிலாக நீர்கோத்த பழுப்பு தெரியும். அந்த இடம் அழுகிவிட்டால் மேலே எத்தனை ஆண்டு வளர்ந்த கொடியானாலும் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். மலையாளத்தில் துருதவாட்டம், தமிழில் விரைவு வாடல். இது நேற்று வந்த நோயுமல்ல. வயநாடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே, 1902 வாக்கில், அங்கே கொடிகள் சாவது பதிவாகியிருக்கிறது. மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளர் சி.ஏ. பார்பர் அதை ஆராய்ந்தார். கேரள மிளகில் இதற்குக் காரணம் ஃபைட்டோஃப்தோரா என்னும் நுண்ணுயிர்தான் என்று உறுதிப்பட 1966 ஆகிவிட்டது. இன்று அதன் பெயர் ஃபைட்டோஃப்தோரா கேப்சிசி. 1922-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மிளகாய்ச் செடியில் முதலில் விவரிக்கப்பட்டதால் மிளகாயின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

இந்த நுண்ணுயிரைப் பூஞ்சாணம் என்று சொல்வது வழக்கம். தோட்டத்துப் பேச்சுக்கு அது போதும், மருந்து தேடுவதற்குப் போதாது. உண்மையான பூஞ்சாணத்தின் செல்சுவர் பெரும்பாலும் கைட்டினால் ஆனது; இதன் சுவர் செல்லுலோஸும் குளுக்கனும் கொண்டது. பூஞ்சாணங்கள் எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புப்பொருளைத் தாமே தயாரிக்கின்றன. அதைத் தடுத்துக் கொல்லும் டிரையசோல் வகை மருந்துகள் இதன்மேல் பலிக்காததற்குக் காரணம், இது அப்பொருளைத் தயாரிப்பதே இல்லை. உறவு முறையில் இது நீர்ப்பாசிகளுக்கு நெருக்கமானது, வாழ்க்கையும் நீரோடுதான். நனைந்த இலைப்புள்ளியில் உருவாகும் வித்துப்பைகள் குளிர்ந்த நீர் பட்டதும் ஒரு மணி நேரத்துக்குள் வெடித்து, இரண்டிரண்டு வால் உள்ள நீந்தும் வித்துக்களை வெளியே விடுகின்றன. அவை வேரிலிருந்து கசியும் பொருள்களை மோந்து, அந்தத் திசையில் நீந்திப் போய் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணிலிருந்து கீழிலைக்கு அவற்றை ஏற்றுவது மழைத்துளியின் தெறிப்பு. ஆகவே ஏதோ ஒரு பயிரில், ஏதோ ஒரு பூஞ்சாணத்தை ஒரு சாறு அடக்கியது என்ற செய்தியை அப்படியே மிளகுக்குக் கொண்டுவர முடியாது.

ஆனாலும் ஆய்வுக்கூடச் சான்றுகளைத் தள்ளிவிட முடியாது. பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள அல்லீன் என்னும் பொருளும் அல்லினேஸ் என்னும் நொதியும் கலந்து சில நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. பூண்டின் காரமும் மணமும் பெருமளவு அதிலிருந்துதான். ஜெர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பூண்டுச்சாற்றின் அல்லிசின் பாக்டீரியா, பூஞ்சாணம், ஃபைட்டோஃப்தோரா வகை மூன்றையுமே அடக்குவதைக் காட்டினார்கள். கிராம்பிலும் துளசியிலும் உள்ள யூஜினால், பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு ஆகியவற்றுக்கும் இந்த ஆற்றல் உண்டு. ஆய்வுக்கூடத்தில் செய்வது இதுதான்: கண்ணாடித் தட்டில் ஊற்றும் வளர்ப்பூடகத்தில் சாற்றைக் கலந்து, நடுவே நுண்ணுயிரின் சிறு வில்லையை வைத்து, அது எத்தனை மில்லிமீட்டர் பரவுகிறது என்று சாறு கலக்காத தட்டோடு ஒப்பிடுகிறார்கள். பத்து, இருபது சதவீதச் சாற்றில் வளர்ச்சி பாதிக்குமேல் குறைந்தால் நம்பிக்கை தரும் முடிவு. அது நேர்மையான சோதனைதான். ஆனால் அந்தத் தட்டில் நுண்ணுயிருக்கு ஓடவும் ஒளியவும் இடமில்லை, அது கால்வைக்கும் ஒவ்வொரு அணுவிலும் சாறு இருக்கிறது. மழையும் வெயிலும் மண்ணும் அங்கே இல்லை.

இதற்கு மிளகின் உறவிலிருந்தே ஒரு சான்று உண்டு. வெற்றிலைக்கொடி மிளகின் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் இலையில் யூஜினாலும் சாவிகாலும் அவற்றின் உறவான ஹைட்ராக்சிசாவிகாலும் நிறைந்திருக்கின்றன. நுண்ணுயிர்களை அடக்குவதாக ஆய்வுகளில் நல்ல பெயர் வாங்கிய பொருள்கள் இவை. கரூரிலும் தஞ்சையிலும் கொடிக்கால் வைத்திருப்பவர்களைக் கேட்டால் வெற்றிலைக்கு முதல் எதிரி எது என்று சொல்வார்கள்: வாடல். அந்த வாடலையும் ஃபைட்டோஃப்தோராதான் கொண்டுவருகிறது. மருந்தைத் தன் உடம்பிலேயே சுமக்கும் கொடி அதே நோயில் அடியழுகிச் சாகிறது. ஒரு பொருள் நுண்ணுயிரைக் கொல்லும் என்பதும், கொல்ல வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் அது வேண்டிய அளவு இருக்கும் என்பதும் வேறு வேறு செய்திகள். வெற்றிலையின் எண்ணெய் இலைக்குள்ளே சுரப்பிகளில் இருக்கிறது, தாக்குதல் தண்டின் அடியில் நடக்கிறது.

புல்பள்ளியிலிருந்து கல்பற்றா வழியாக மேற்கே போனால் வயநாட்டின் விளிம்பில் லக்கிடி. கேரளத்தில் மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களுள் ஒன்று. அங்கிருந்து ஒன்பது கொண்டையூசி வளைவுகளில் தாமரச்சேரி சுரம் கீழே இறங்குகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் இந்தச் சரிவில் மோதிப் பெய்யும் ஜூலை மாதத்தில், நாள் கணக்கில் இலை காயாது. தாவரச்சாறு தெளிக்க வேண்டிய பருவமும் நோய் பரவும் பருவமும் இதுவேதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இந்த மழையிலும் ஏன் ஓரளவு நிற்கிறது என்று யோசித்தால் சாற்றின் குறை தெளிவாகும். செம்பும் அல்லிசினும் கொல்லும் முறையில் அவ்வளவு தூரமில்லை. இரண்டுமே நுண்ணுயிரின் புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றிக் குலைக்கின்றன. வேறுபாடு தங்கும் தன்மையில் இருக்கிறது. சுண்ணாம்போடு சேர்ந்த செம்பு காய்ந்து இலைமேல் கரையாத படலமாக ஒட்டிக்கொள்கிறது, ஈரம் படும்போதெல்லாம் சிறிது சிறிதாகச் செம்பயனியை விடுகிறது. வித்து நீந்தும் அதே நீர்ப்படலத்தில் மருந்தும் இருக்கிறது. அல்லிசினோ ஆவியாகிறது, சிதைகிறது, நீரில் கழுவப்படுகிறது. யூஜினாலும் பறந்துபோகும் எண்ணெய்தான். சாற்றுக்கு வலிமை குறைவில்லை, ஆயுள்தான் குறைவு.

அப்படியானால் போர்டோ கலவையோடு நின்றுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இல்லை, செம்புக்கு எதிராகச் சொல்லப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஒரு சதவீதக் கலவை என்றால் 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், அதில் கால்பங்கு செம்பு. கொடிக்கு இரண்டு லிட்டர் தெளித்தால் ஐந்து கிராம் செம்பு. மழைக்கு முன் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை என்றால் பத்து கிராம். மூன்று மீட்டர் இடைவெளியில் நட்ட ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 1,100 கொடிகள். ஆண்டுக்குப் பதினோரு கிலோ செம்பு. கலப்புத் தோட்டங்களில் கொடி குறைவு, அளவும் குறையும். ஆனால் தூரில் காப்பர் ஆக்சிகுளோரைடு ஊற்றினால் மீண்டும் ஏறிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழாண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ, அதாவது சராசரி ஆண்டுக்கு நான்கு கிலோ செம்பு என்றுதான் வரம்பு வைத்தது. செம்பு மண்ணில் சிதையாது, சேர்ந்துகொண்டே போகும். மண்புழுவுக்கும் மண்ணின் நல்ல பூஞ்சாணங்களுக்கும் அது நஞ்சு. ஆகவே செம்புக்கு மாற்றுத் தேடுவோரின் கவலை முற்றிலும் சரியானது. நான் மறுப்பது அந்தக் கவலையை அல்ல; செம்பு நின்ற இடத்தில் சாற்றை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்ற முடிவைத்தான்.

சாறு கழுவப்பட்டால் மறுபடி தெளிக்கலாமே, காதிசோப் கரைசல் சேர்த்தால் ஒட்டிக்கொள்ளுமே என்பது அடுத்த வாதம். சோப்பு ஓர் இரவுப் பனிக்குத் தாங்கும், தென்மேற்குப் பருவமழைக்குத் தாங்காது. மறுபடி தெளிப்பதற்கோ கைக்கணக்கு இடம் கொடுப்பதில்லை. பத்து சதவீதச் சாறு என்றால் 100 லிட்டருக்குப் பத்து கிலோ இலை. ஆயிரம் கொடிக்கு இரண்டு லிட்டர் வீதம் தெளிக்க இரண்டாயிரம் லிட்டர் வேண்டும், அதற்கு இருநூறு கிலோ இலை பறித்து, இடித்து, ஊறவைத்து, வடிகட்ட வேண்டும். வழுக்கும் சரிவில், அட்டைகளுக்கு நடுவே, ஏணி சாத்தி, மழை விட்ட இடைவெளியில் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்யும் ஆள்பலம் மூன்று ஏக்கர் விவசாயியிடம் இல்லை. அதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே அது நல்ல நுண்ணுயிரை விட்டுவைக்கும் என்று சொல்ல முடியாது. அல்லிசின் ஆளைப் பார்த்து அடிப்பதில்லை. மண்ணில் ஊற்றினால் ஃபைட்டோஃப்தோராவைத் தின்று அடக்கும் ட்ரைக்கோடெர்மா என்னும் நல்ல பூஞ்சாணமும் அடிபடலாம்.

சுரம் இறங்கிக் கோழிக்கோட்டை நெருங்கும்போது செலவூரில் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வருகிறது. 1975-இல் ஒரு வட்டார நிலையமாகத் தொடங்கி, 1986-இல் தேசிய மையமாகி, 1995-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அங்கிருந்து வரும் பரிந்துரைகளைக் கூர்ந்து படித்தால் தாவரப்பொருள் எங்கே உண்மையில் வேலை செய்கிறது என்பது புலப்படும். கொடிக்கு ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு, அதோடு 50 கிராம் ட்ரைக்கோடெர்மா ஹார்சியானம். மழை தொடங்கும்போது ஒருமுறை, ஆகஸ்ட்–செப்டம்பரில் மறுமுறை ட்ரைக்கோடெர்மா. வேப்பம்புண்ணாக்கும் வேம்பின் பொருள்தான், அதில் உள்ள கசப்புப்பொருள்களும் சாற்றில் வருபவைதான். ஆனால் அது கரைசலாக வந்து ஒரே மழையில் ஓடிவிடுவதில்லை. மண்ணில் கிடந்து வாரக்கணக்கில் மெல்ல மக்குகிறது. மக்கும்போது வேர்களைக் குடைந்து புண்ணாக்கும் நூற்புழுக்களைக் குறைக்கிறது. அந்தப் புண்கள் வழியாகவும் ஃபைட்டோஃப்தோரா உள்ளே புகும் என்பதால், நூற்புழுவைக் குறைப்பது அந்த வழியை அடைப்பதற்குச் சமம். ட்ரைக்கோடெர்மாவுக்கு அதுவே உணவாகிறது, கொடிக்குத் தழைச்சத்தும் கிடைக்கிறது. இலைமேல் ஒருநாள் நிற்காத வேம்பு, வேரடியில் ஒரு பருவம் நிற்கிறது. செம்புக்கரைசலைத் தூரில் ஊற்றிய கையோடு ட்ரைக்கோடெர்மாவைப் போட்டால் அது செத்துப்போகும், நாள் விட்டுப் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல தோட்டங்களில் ட்ரைக்கோடெர்மா பலிக்கவில்லை என்ற குறைக்கு இந்த அவசரமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆயிரம் கொடிக்கு ஒரு டன் புண்ணாக்கு யார் வாங்குவது என்ற கேள்வி நியாயமானது. விலையும் ஏற்றுகூலியும் சேர்ந்தால் சிறிய தொகையல்ல. ஆனால் அதை உரக்கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அத்தோடு மழையில் வாரந்தோறும் தெளிக்கும் ஆள்கூலியை எதிர்ப்பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். அப்போது புண்ணாக்கு அவ்வளவு பெரிய செலவாகத் தெரியாது.

கோழிக்கோட்டுக்கு வடக்கே, காடும் அணையும் சூழ்ந்த பெருவண்ணாமூழியில் அந்த நிறுவனத்தின் சோதனைப் பண்ணை இருக்கிறது. ஃபைட்டோஃப்தோரா மண்ணில் இருக்கிறதா என்று அறிய இங்கத்திய ஆய்வாளர்கள் கையாளும் முறை மிக எளிமையானது, எந்த விவசாயியும் புரிந்துகொள்ளக்கூடியது. ஒரு குவளையில் மண்ணைப் போட்டு நீர் ஊற்றி, மேலே அல்பீசியா மரத்தின் சிற்றிலைகளை மிதக்க விடுகிறார்கள். மண்ணில் நோய்க்கிருமி இருந்தால் வித்துக்கள் நீந்தி வந்து இலையோரத்தில் ஒட்டும். இரண்டு மூன்று நாளில் நுண்ணோக்கியில் வித்துப்பைகள் தெரியும். இந்தச் சோதனையை நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே என் வற்புறுத்தல். புதிய தோட்டங்களுக்கு நோய் பெரும்பாலும் பையில் வளர்த்த நாற்றோடு, அதன் மண்ணோடு வந்துசேர்கிறது. நாற்றங்காலில் கூரை இருக்கிறது, மழை நேரே படாது. நூற்றுக்கணக்கான பைகளுக்குச் சில குடம் கரைசல் போதும், மறுபடி மறுபடி ஊற்றவும் முடியும். ஆவியாகும் பொருளைப் பிளாஸ்டிக் விரிப்பின்கீழ் சில நாள் அடைத்துவைக்கவும் முடியும். கடுகு இனத் தாவரங்களை நசுக்கும்போது எழும் ஐசோதயோசயனேட் ஆவி, மூடிய மண்ணில்தான் பலிக்கும் என்பது தெரிந்த உண்மை. சாற்றின் குறுகிய ஆயுள் திறந்த தோட்டத்தில் குறையாக இருக்கிறது. நாற்றங்காலில் அதுவே எச்சம் விடாத நன்மையாகிறது.

தாத்தா காலத்தில் போர்டோவும் இல்லை, ட்ரைக்கோடெர்மாவும் இல்லை, மிளகு செழிக்கவில்லையா என்ற வாதத்தை இந்த வழி நெடுகக் கேட்கலாம். 1902-இலேயே கொடிகள் செத்திருக்கின்றன என்பதால் அந்தக் காலம் நோயற்ற காலமாக இருந்ததில்லை. ஆனாலும் அந்த வாதத்துக்குள் ஓர் உண்மை இருக்கிறது. பழைய தோட்டத்தில் பலாவும் மாவும் முள்முருங்கையும் கலந்து நின்றன, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகைக் கொடி ஏறியது. கொடிக்குக் கொடி தூரம் அதிகம். தரையில் சருகும் புல்லும் மூடியிருந்ததால் மழைத்துளி நேரே மண்ணில் விழுந்து தெறிக்கவில்லை. இப்போதைய பரிந்துரைகளிலும் தூரைச் சுற்றிப் பசுமையான மூடாக்கு வைப்பதும், ஓடுகொடிகளை மழைக்கு முன் வெட்டுவதோ மரத்தில் தூக்கிக் கட்டுவதோ, நிழலைக் கவ்வாத்து செய்வதும் இருக்கின்றன. தாவரத்தால் நோயைத் தடுப்பது என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு வேறில்லை. இலையைப் பிழிந்து சாறெடுப்பதற்குப் பதில் இலையை அப்படியே தரையில் பரப்பினால், வித்து கீழிலைக்கு ஏறும் படியே இல்லாமல் போகிறது. முள்முருங்கை மரங்களை 2000-களின் நடுவில் வந்த குளவி அழித்தபின், பல தோட்டங்கள் ஒரே சீராகச் சில்வர் ஓக்குக்கு மாறி, அந்தக் கலப்பும் குறைந்துவிட்டது.

பயணத்தின் வடகோடியில் தளிப்பறம்பு அருகே பன்னியூர். உலகின் முதல் கலப்பின மிளகான பன்னியூர்-1 இங்கேதான் பிறந்து 1971-இல் வெளியானது. விளைச்சலில் அது மலைநாட்டையே மாற்றியது, வாடலுக்கு முன் அதற்குத் தனிக் காப்பு எதுவும் இல்லை. அதற்குப் பின் கோழிக்கோடு நிறுவனம் வெளியிட்ட சக்தி, தேவம் ஆகிய வகைகள் வாடலை ஓரளவு தாங்குகின்றன. தாங்கும் வகையும் வேரடிப் புண்ணாக்கும் தரைமூடாக்கும் சேர்ந்த இடத்தில் செம்பை வரம்புக்குள் குறைக்க முடியும் என்று நான் கருதுகிறேன். அந்தக் குறைந்த செம்புக்கு மேல் இலைச்சாறு ஏதும் கூட்டுகிறதா என்பதைத்தான் இனிச் சோதிக்க வேண்டும். செடியின் சொந்த எதிர்ப்பைத் தூண்டும் சாறுகளும் இருக்கின்றன. ரைனூட்ரியா சகாலினென்சிஸ் என்னும் செடியின் சாறு அப்படித்தான் சாம்பல்நோய்க்கு எதிராக வெளிநாடுகளில் விற்பனைக்கே வந்திருக்கிறது. அது கிருமியைத் தொட்டுக் கொல்ல வேண்டியதில்லை, இலைக்குள் செய்தி போனால் போதும். பின்னர் மழை கழுவினாலும் இழப்பு குறைவு. மிளகில் தேட வேண்டியது இந்த வகைச் சாற்றைத்தான்.

அதற்கான சோதனையும் தட்டில் நடக்கக் கூடாது. கூடலூரிலும் புல்பள்ளியிலும் லக்கிடிச் சரிவிலும், ஒரே வயதுக் கொடிகள் உள்ள தோட்டங்களில், சில வரிசைக்குச் சாறு, சில வரிசைக்குக் குறைந்த செம்பு, சில வரிசைக்கு இரண்டும், சில வரிசைக்கு வெறும் தண்ணீர் என்று மே மாதமே பிரித்துக் குறித்துவைக்க வேண்டும். எல்லா வரிசைக்கும் புண்ணாக்கும் மூடாக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் மழைமானி வைத்து, தெளித்த நாளையும் அதன்பின் பெய்த மழையையும் எழுதிவர வேண்டும். அக்டோபரில் உயிரோடு நிற்கும் கொடிகளை எண்ண வேண்டும், அடுத்த ஆண்டும் அதே கொடிகளை எண்ண வேண்டும். வெறும் தண்ணீர் வரிசைக்கு இடம் கொடுக்கும் விவசாயிக்கு, சாகும் கொடிகளுக்கான இழப்பீட்டை ஆய்வை நடத்துகிறவர்கள் முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும்.